எம்டன் மேலே பறந்த விமானம்

கேள்வி: 1914-ல், முதல் உலகப்போரின்போது, ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தைக் குண்டு வீசித் தாக்கும்போது மேலே விமானம் பறக்கும் பழைய படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் பகுதி நூலகக் கண்காட்சியில் பெரிதாக வைக்கலாமா?
– ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: வைக்காதீர்கள். எம்டன் வந்தது செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில். உங்கள் படத்திலோ பட்டப்பகல் வெளிச்சம். அந்தக் கப்பலில் விமானமும் கிடையாது. இதற்கு மேல் சாட்சி தேவையில்லை. ஆனாலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கப்பலுக்கு வெயில் இடப்பக்கமிருந்து, விமானத்துக்கு வலப்பக்கமிருந்து. கடல் முழுக்கச் சொரசொரவென்று புள்ளி, இறக்கை மட்டும் வழுவழு. பறக்கிற விமானத்தின் காற்றாடி, நிறுத்தி வைத்ததுபோல் துல்லியமாகத் தெரிகிறது.

இப்படி வேறு வேறு படங்களைச் சேர்த்துச் செய்யும் ஒட்டுப்படம் இன்று கணினியோடு வந்ததல்ல. அந்தக்காலத்தில் படமெடுத்த கண்ணாடித் தகடுகளில் வானம் வெளுத்துப்போகும். மேகத்தை வேறு நெகட்டிவிலிருந்து சேர்த்து அச்சிடுவது சாதாரணத் தொழில்முறை. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆஸ்திரேலியப் போர்ப் படக்காரர் ஃபிராங்க் ஹர்லி, 1917-ல் பெல்ஜியப் போர்முனையில் எடுத்த பல நெகட்டிவ்களைச் சேர்த்து, விமானங்களும் குண்டு வெடிப்பும் ஒரே காட்சியாகத் தெரியும்படி செய்தார். போரின் முழு உருவம் ஒரே தகட்டில் அடங்காது என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் அதைப் போலி என்றே சொல்லிச் சண்டை பிடித்தார். என் மனம் பீன் பக்கம்தான். நம்பிப் பார்ப்பவனுக்குச் சொல்லாமல் ஒட்டினால் அது ஏமாற்று.

இன்னொன்று இதைவிட மோசம். முதல் உலகப்போரின் வான்சண்டைகள் என்று 1930-களில் வெளிவந்த 'காக்பர்ன்-லாங்' படங்களைப் பல்லாண்டு காலம் எத்தனையோ பேர் நம்பினார்கள். வெஸ்லி ஆர்ச்சர் என்ற முன்னாள் விமானி மாதிரி விமானங்களைச் செய்து படமெடுத்தவை அவை. 1984-ல்தான், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகத்துக்கு வந்த அவருடைய பொருட்களிலிருந்து குட்டு வெளிப்பட்டது. அத்தனை காலம் அது வரலாறாக உலவியிருக்கிறது. உங்கள் நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளிடமும் அதுதான் நடக்கும்.

எம்டன் தாக்கியதில் எரிந்த பர்மா எண்ணெய் நிறுவனத் தொட்டிகளின் அசல் படங்கள் இருக்கின்றன. உயர் நீதிமன்றச் சுவரில் குண்டு விழுந்ததைச் சொல்லும் கல்வெட்டும் இருக்கிறது. நம்ம ஊர் பட்ட அடிக்கு அவையே சாட்சி. அவற்றை வையுங்கள், கீழே தேதியும் மூலமும் எழுதி.