எதிர்வீட்டு ஆச்சியின் பாம்படம்

கேள்வி: உங்கள் சிறுவயதில் மறக்க முடியாத பாட்டி யார்?

என் சொந்த ஆச்சி இல்லை, எதிர்வீட்டு ஆச்சி. சேர்மாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்து ஊர் எங்களுக்கு. எண்பதுகளின் தொடக்கத்திலேயே எங்கள் தெருவில் பாம்படம் போட்ட கிழவிகள் நாலைந்து பேர்தான் மிச்சம்.

பாம்படம் பார்க்காதவர்களுக்கு: உருண்டையும் சதுரமுமாக அடுக்கிய தங்கக் காதணி. தோளைத் தொடும். ஆச்சி குனிந்து வாசல் தெளிக்கும்போது கன்னத்தில் இடிக்காமலிருக்க ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வாள். ராத்திரி அவள் மடியில் படுத்தால் நான் அந்தக் காதுத் துளைக்குள் விரலை விட்டு ஆட்டுவேன். "ஏட்டி, மெதுவா. காது அந்துரும்" என்பாளே தவிர, கையைத் தட்டிவிட்டதில்லை.

சின்னப் பிள்ளையிலேயே காது குத்தி, பஞ்சுத் திரி வைத்து, பிறகு ஈயக் குணுக்கு மாட்டி இழுத்து இழுத்து வளர்த்த காது அது. ராவெல்லாம் அழுவாளாம். அந்தக் காதை அறுத்துத் தைத்து கம்மல் போடுவது அப்போது பரவிக்கொண்டிருந்தது. மருமகள்களும் நச்சரித்தார்கள். "எங்கம்மா வளத்த காதை இவளுவ சொல்லுதாளுவன்னு அறுக்கணுமாக்கும்?" என்று ஆச்சி மசியவே இல்லை. (மருமகள்களுக்கு வெட்கம் காதைப் பற்றியா, ஆச்சியைப் பற்றியா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்.)

நான் வயசுக்கு வந்தபோது உளுந்தங்களி கிண்டியது அவள்தான். கருப்பட்டிப் பாகு, நடுவில் குழித்து நல்லெண்ணெய். நான் முகம் சுளிக்க, "இடுப்புக்கு நல்லது ஏட்டி, முழுங்கு" என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷமே பேரனைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கப் பாம்படம் போயிற்று. தங்கத் தகட்டுக்குள் அரக்கு நிரப்பித்தான் அதைச் செய்வார்கள். ஆசாரி உருக்கி, அரக்கு போக நிறுத்தால் வீட்டில் எதிர்பார்த்தது தேறவில்லை. மகன் முகம் செத்துவிட்டது. ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்பது வருசமா அரக்கையா ஏட்டி சுமந்தேன்!" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

அதன்பிறகு வெளியே போகும்போது மட்டும் முந்தியால் காதை மூடிக்கொள்வாள். பாம்படம் போன மறுநாள் காலையும் வாசல் தெளிக்க வந்தாள். குனிந்தபோது ஒரு கை தன்னால் காதுக்குப் போயிற்று.