ஜெர்மனி மாணவர் விசா: நாமக்கல் அப்பா ஒருவருக்குப் பதில்

வணக்கம் ஐயா.

மகள் பி.இ. மெக்கானிக்கல் கடைசி வருடம், சிஜிபிஏ 7.8, ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசைப்படுகிறாள். ஏஜென்சிக்காரர் மூன்று லட்சம் கேட்கிறார், “விசாவை நான் பார்த்துக்கொள்கிறேன், பேங்கில் காட்ட வேண்டிய பணத்துக்கும் நானே ஏற்பாடு செய்கிறேன்” என்கிறார். “விசா கிடைக்குமா கிடைக்காதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்” என்று முடித்திருந்தீர்கள்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. ஆனால் இது அதிர்ஷ்டத்தைப் பொறுத்த விஷயமும் இல்லை. விசா அதிகாரிக்கு உங்கள் மகளைத் தெரியாது. மேசை மேல் இருக்கும் தாள்களைத்தான் தெரியும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் தொடங்கி நேற்று எடுத்த பேங்க் ரசீது வரை எல்லாத் தாளும் ஒரே பெண்ணைப் பற்றி ஒன்றுபோலப் பேசுகிறதா என்பதுதான் அவருடைய வேலை. அந்தத் தாள்களை ஒழுங்குபடுத்துவது உங்கள் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை.

முதலில் பணம். அதில்தான் நீங்கள் இப்போது தவறான இடத்தில் கால் வைக்கப் பார்க்கிறீர்கள்.

ஜெர்மனிக்குப் பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் செல்லாது. மாணவரின் பெயரிலேயே பிளாக்டு அக்கவுண்ட் ஒன்றைத் திறந்து, ஒரு வருடச் செலவுக்கான தொகையை உண்மையாகவே அனுப்பியாக வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 12 லட்சம். தொகை அவ்வப்போது கூடும், ஆகவே விண்ணப்பிக்கிற வாரத்தில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்கள் மூலம் வீட்டில் உட்கார்ந்தே கணக்குத் திறக்கலாம்.

இது கட்டணம் இல்லை ஐயா. உங்கள் மகளின் பணம், அவள் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். அங்கே போய் இறங்கிய பிறகு மாதம் 992 யூரோ வீதம் அவள் கைக்கே வரும். விசா மறுக்கப்பட்டால், சேவைக் கட்டணம் போக மீதி திரும்பி வரும். ஏஜென்சிக்காரர் “ஏற்பாடு” செய்யும் பணம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வட்டிக்கு வாங்கி அனுப்பி, மாதாமாதம் வரும் 992 யூரோவை அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்போது உங்கள் மகள் அந்நிய ஊரில் எதைச் சாப்பிடுவாள்? அடுத்த வருடம் தங்கும் அனுமதியை நீட்டிக்கப் போகும்போதும் பணத்துக்குச் சான்று கேட்பார்கள். இந்த வழியைத் தொடவே வேண்டாம்.

கைவசம் பணம் இல்லையென்றால் கல்விக் கடன் வாங்குவதில் தப்பில்லை. வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். பெரிய தொகைக்கு வங்கிகள் வீட்டுப் பத்திரமோ நிலப் பத்திரமோ கேட்கும், வில்லங்கச் சான்று முதலியவற்றை எடுக்கவே சில வாரம் ஓடிவிடும். வங்கி மேனேஜரைச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், முன்பே ஒருமுறை போய்ப் பேசி வையுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பமாக இருந்தால் வெளிநாட்டு உயர்கல்விக்குத் தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டம் உண்டு, அதையும் விசாரியுங்கள். ஜெர்மனியிலேயே வசிக்கும் உறவினர் யாராவது அங்குள்ள அலுவலகத்தில் முறைப்படி பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால் அதுவும் பிளாக்டு அக்கவுண்டுக்குப் பதிலாகச் செல்லும். ஆனால் அது சட்டப்படி அவர் தலையில் விழும் பொறுப்பு. “சும்மா ஒரு கையெழுத்துதானே மாமா” என்று கேட்கிற விஷயம் இல்லை.

பார்ட் டைம் வேலை செய்து சமாளித்துக்கொள்வாள் என்று எழுதியிருந்தீர்கள். மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம் என்பது உண்மை. 2026-இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. தாளில் பெருக்கிப் பார்த்தால் பதினைந்தாயிரம் யூரோவுக்கு மேல் வரும். முதல் செமஸ்டரில், ஜெர்மன் பேச வராத பிள்ளைக்கு, சின்ன ஊரில், அதில் கால்வாசி கிடைத்தாலே பெரிது. விசா அதிகாரியும் இந்த வருங்கால வருமானத்தைக் கணக்கில் எடுக்கமாட்டார். மருத்துவக் காப்பீடு மட்டும் மாதம் 140 யூரோவுக்கு மேல் போகும் என்பதையும் மனதில் வையுங்கள். மியூனிக் மாதிரி நகரமாக இருந்தால் வாடகையைப் பார்த்துவிட்டு 992 யூரோ போதாது என்று நீங்களே சொல்வீர்கள்.

அடுத்தது ஏபிஎஸ். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். டெல்லியில் இருக்கும் ஏபிஎஸ் அலுவலகம் உங்கள் மகளின் சான்றிதழ்கள் உண்மையானவையா, அவற்றை வைத்து ஜெர்மனியில் மேற்படிப்பில் சேரத் தகுதி உண்டா என்று சரிபார்த்து ஒரு சான்று தரும். கட்டணம் 18,000 ரூபாய். விசா நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று பலரும் இதைத் தள்ளிப்போடுகிறார்கள், அங்கேதான் ஒரு வருடம் போய்விடுகிறது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சேர்க்கை விண்ணப்பத்துடனேயே ஏபிஎஸ் சான்றைக் கேட்கின்றன. ஆகவே வரிசையில் இதுதான் முதல். அரியர் வைத்துப் பிறகு பாஸ் செய்திருந்தால் அந்த மார்க் ஷீட்டையும் சேர்த்தே அனுப்புங்கள். அரியரால் விசா போனதாக நான் பார்த்ததில்லை. அரியரை மறைக்கப்போய் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

இதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: பெயர். மற்ற பல மாநிலத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத தலைவலி நமக்கு இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் “கவிதா ரா” என்று இருக்கும். ஆதாரில் “கவிதா ராமசாமி” என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் “கிவன் நேம்” என்ற இடத்தில் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு, “சர்நேம்”, அதாவது குடும்பப் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். ஜெர்மன்காரர்களின் படிவம் எதுவும் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. ஒரு பல்கலைக்கழகம் “கவிதா” என்பதையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், இன்னொன்று அப்பா பெயரைப் போடும், ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் சான்றில் மூன்றாவது விதமாக வரும். கடைசியில் ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், ஏபிஎஸ்ஸுக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸுக்கும் பணம் கட்டுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி மறுபடி எடுத்துவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். அதன் பிறகு எந்தப் படிவமாக இருந்தாலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே, ஒரு எழுத்துகூடக் கூடாமல் குறையாமல். பள்ளிச் சான்றிதழில் உள்ள இனிஷியலை மாற்ற அலையத் தேவையில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொண்டால் கேட்கும்போது காட்டலாம்.

பல்கலைக்கழகத்துக்கு வருவோம். ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ்: 1 என்பது உச்சம், 4 என்பது வெறும் பாஸ். நம் பத்துப் புள்ளிக் கணக்கில் தேர்ச்சி 5 என்று எடுத்துக்கொண்டால், உங்கள் மகளின் 7.8 அங்கே 2.3 ஆகிறது. பத்திலிருந்து அவள் புள்ளியைக் கழித்து, ஐந்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் போதும். 2.5 வரை எடுத்துக்கொள்ளும் படிப்புகள் நிறைய இருக்கின்றன, ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. மார்க்கைவிட முக்கியம் பாடப் பொருத்தம். இத்தனை கிரெடிட் கணிதம், இத்தனை கிரெடிட் தெர்மல் படித்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்ப்பார்கள். அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை இறக்கி, படித்த பாடங்களைக் கிரெடிட்டோடு ஒரு தாளில் தொகுத்து வைக்கச் சொல்லுங்கள். மெக்கானிக்கல் படித்துவிட்டு மேனேஜ்மென்ட்டுக்குத் தாவுவதாக இருந்தால் ஏன் என்று கேள்வி வரும், பல்கலைக்கழகத்திலும் விசாவிலும்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சின்னத் தொகைதான். விதிவிலக்குகள் உண்டு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து செமஸ்டருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை. இந்த இடத்தில் ஏஜென்சிக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்கள் சொல்லும் கல்லூரி அரசுடையதா, தனியாருடையதா?” அரசுப் பல்கலைக்கழகம் யாருக்கும் கமிஷன் தராது. தனியார் கல்லூரி தரும். ஏஜென்சி கையில் இருக்கும் பட்டியலில் தனியார் பெயர்களே வரிசையாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எல்லாத் தனியார் கல்லூரியும் மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஜெர்மன் பல்கலைக்கழகங்களைப் பட்டியலிடும் ஹோக்ஷூல்கொம்பாஸ் (Hochschulkompass) தளத்தில் அங்கீகாரம் இருக்கிறதா, வகுப்பு நேரில் நடக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். பாதி வகுப்பு ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு “இதற்கு எதற்கு ஜெர்மனி வரவேண்டும்?” என்று விசா அதிகாரி கேட்டால் பதில் இருக்காது.

ஆங்கிலவழிப் படிப்பு என்றாலும் ஐஇஎல்டிஎஸ் எழுதிவிடட்டும், பல இடங்களில் 6.5 கேட்பார்கள். கல்லூரியில் ஆங்கிலத்தில்தான் படித்தாள் என்று முதல்வர் தரும் கடிதத்தை எல்லோரும் ஏற்பதில்லை. கூடவே ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலையை முடிப்பது நல்லது. சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் கோத்தே இன்ஸ்டிடியூட்டில் ஆன்லைன் வகுப்பும் உண்டு.

இனி மோட்டிவேஷன் லெட்டர். விசா கோப்பில் உங்கள் மகளின் சொந்தக் குரல் கேட்கும் ஒரே தாள் இது. இதைத்தான் ஏஜென்சிக்காரர் கம்ப்யூட்டரிலிருந்து பெயரை மட்டும் மாற்றி எடுத்துக் கொடுக்கிறார்கள். “சிறுவயது முதலே இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்” என்று தொடங்கும் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கே அலுத்துவிட்டது, தூதரகத்தில் இருப்பவருக்கு எப்படி இருக்கும்? நாமக்கல் பெண்ணுக்கு எழுத எவ்வளவோ இருக்கிறது. லாரி பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த ஊரில் வளர்ந்தவள். அவள் புராஜெக்ட் எதைப் பற்றியது, அதில் எது தெரியாமல் முட்டி நின்றாள், இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அதற்கு விடை தரும், படித்து முடித்து என்ன வேலைக்குப் போகப் பார்க்கிறாள்: இவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம். வேலைக்குப் போகிற ஆசையை ஒளிக்கவும் வேண்டாம். படிப்பு முடிந்து 18 மாதம் வேலை தேடத் தங்கலாம் என்று ஜெர்மன் சட்டமே சொல்கிறது. படிப்பைச் சாக்காக வைத்து வேலைக்கு வருகிற மாதிரி தொனிக்காமல் இருந்தால் போதும். சிவியில் இடைவெளி மாதங்கள் இருந்தால் அவற்றுக்கும் ஒரு வரி காரணம் எழுதட்டும்.

காலக் கணக்கு இப்படி வரும். குளிர்காலச் செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. பல இடங்களில் விண்ணப்பக் கடைசி நாள் ஜூலை 15, வெளிநாட்டு மாணவர்களுக்கு மார்ச்சிலும் மே மாதத்திலும் முடிந்துவிடுகிற படிப்புகளும் நிறைய. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்து 30 யூரோ. பத்துப் பதினைந்து இடத்துக்குப் போட்டுப் பணத்தை இறைக்க வேண்டாம், பொருத்தம் பார்த்து ஐந்தாறு போதும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விசா வேலையைத் தொடங்குங்கள். இப்போது விண்ணப்பத்தை ஜெர்மன் தூதரகச் சேவைகளின் இணையதளத்தில் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, அதன் பிறகு நேரில் போய்க் கைரேகையும் அசல் சான்றிதழ்களும் காட்ட வேண்டும். விசாக் கட்டணம் 75 யூரோ. முடிவுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். ஆகஸ்ட் கடைசியில் சேர்க்கை வந்தால், தாமதமாக வந்து சேர அனுமதி உண்டா, அடுத்த வருடத்துக்கு மாற்றித் தருவார்களா என்று பல்கலைக்கழகத்துக்கு உடனே மெயில் போட வேண்டும். டிக்கெட்டை விசா கையில் வந்த பிறகு எடுங்கள்.

மறுக்கப்பட்டால் என்ன என்று கேட்பீர்கள். முன்பு தூதரகத்துக்கே மறுபரிசீலனை மனு எழுதலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நம்மைப் போன்ற குடும்பத்துக்குப் புதிய விண்ணப்பம்தான் வழி. மறுப்புக் கடிதத்தில் காரணம் எழுதியிருப்பார்கள், அந்தக் காரணத்தைச் சரிசெய்யாமல் அதே கோப்பைத் திரும்பக் கொடுத்தால் அதே பதில்தான் வரும்.

ஏஜென்சியே வேண்டாமா என்றால், படிவம் நிரப்பத் துணைக்கு ஆள் வேண்டும் என்று தோன்றினால் நியாயமான கட்டணம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லட்சம் நியாயமே இல்லை. யாரை வைத்தாலும் ஏபிஎஸ், பல்கலைக்கழகம், விசா மூன்றுக்கும் மகளின் சொந்த மெயில் ஐடிதான் கொடுக்க வேண்டும், பாஸ்வேர்டு அவளிடம் மட்டும் இருக்க வேண்டும். சில ஏஜென்சிகள் தாங்களே ஒரு மெயில் ஐடி உருவாக்கிக்கொள்வார்கள். அப்புறம் சேர்க்கைக் கடிதம் வந்ததா இல்லையா என்பதே அவர்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

இந்த வாரம் பாஸ்போர்ட்டையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்த்து எனக்கு எழுதுங்கள். திருத்த வேண்டியது ஒன்றும் இல்லையென்றால் அடுத்த திங்கட்கிழமையே ஏபிஎஸ் விண்ணப்பத்தைத் தொடங்கிவிடலாம். அடுத்த முறை நீங்கள் எழுதுவதைவிட மகளையே எழுதச் சொல்லுங்கள் ஐயா. எந்தப் படிப்பு, எதற்கு என்று அவளிடம் எனக்குக் கேட்க வேண்டியது இருக்கிறது.