மார்லீஸ் கேள்வி பதில்: கெடு நாளுக்குப் பிறகு மிச்சம் யார்?

ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: ஐஸ் ஹொக்கியில் ரொறன்ரோ லீஃப்ஸ் ஆடுவது பெரிய லீக்கான என்எச்எல்லில், மார்லீஸ் ஆடுவது அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏஎச்எல்லில், லீஃப்ஸின் கிளை அணியாக. 2005இல் சென். ஜோன்ஸில் இருந்து அணி ரொறன்ரோவுக்கு இடம்மாறி வந்த நாள் தொட்டு மார்லீஸ் பார்க்கிறவன். லீஃப்ஸ் ரிக்கெற்றுக்குக் காசு காணாமல் அங்கே போனேன், பிறகு அங்கேயே ஒட்டிக்கொண்டேன். மார்ச் மாதம் வந்துவிட்டது, கெடு நாளோடு, அதாவது என்எச்எல் அணிகள் ஆள் மாற்றக்கூடிய கடைசி நாளோடு, ஆட்கள் மாறப் போகிறார்கள், கேளுங்கள். லீஃப்ஸ் எப்போது கப் எடுப்பார்கள் என்று மட்டும் கேட்கவேண்டாம். கேட்பதற்கு முன்பே ஒரு புத்திமதி: முதுகில் பெயர் அடித்த ஜேர்சி வாங்காதீர்கள்.

மார்க்கம் மாமா: தம்பி, மார்லீஸில் ஆளை மாற்றுவது மார்லீஸா, லீஃப்ஸா?

நல்ல கேள்வி அண்ணை, எல்லாக் குழப்பமும் இங்கேதான் தொடங்குது. ஒரே உடுப்பில் மூன்று விதமான ஆட்கள் நிற்கிறார்கள். பெரும்பாலானவர்கள் என்எச்எல் ஒப்பந்தக்காரர். அவர்கள் லீஃப்ஸின் சொத்து, மார்லீஸுக்கு இரவல். அவர்களை விற்பதும் மாற்றுவதும் லீஃப்ஸ்தான், மார்லீஸ் பயிற்சியாளருக்குச் செய்தி மட்டும் வரும். இரண்டாவது, ஏஎச்எல் ஒப்பந்தக்காரர். இவர்கள் மார்லீஸின் சொந்த ஆட்கள், லீஃப்ஸுக்கு நேரே போய் விளையாட முடியாது. மூன்றாவது, 25 ஆட்டத்துக்குப் பரீட்சார்த்தமாக எடுக்கிற ஆட்கள். இந்தக் கிழமை இருப்பார்கள், அடுத்த கிழமை வேறு ஊரில் நிற்பார்கள்.

ஏஎச்எல் அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றும்போது பெரும்பாலும் கைமாறாகக் கொடுப்பது 'பிறகு பார்ப்போம்' என்ற ஒரு வாக்குத்தான். சிரிக்காதீர்கள். கிறிஸ் டிரேப்பர் என்ற பொடியன் ஏஎச்எல்லில் மொங்க்டனில் விளையாடிக்கொண்டிருந்தபோது, 1993இல் அவருடைய என்எச்எல் அணி வினிப்பெக் அவரை டிற்றொயிற்றுக்கு ஒரு டொலருக்குக் கொடுத்தது. ஒரே ஒரு டொலர். டிற்றொயிற்றும் முதலில் அடிறொன்டக்கில், திரும்ப ஏஎச்எல்லில்தான் விட்டது. பிறகு அந்த மனிசன் என்எச்எல்லின் பெரிய கிண்ணமான ஸ்ரான்லி கப்பை நாலு தரம் எடுத்தார்.

பிரம்டன் அக்கா: கெடு நாளன்று ஒருவரைக் கீழே அனுப்பி, அடுத்த நாளே மேலே கூப்பிடுகிறார்களே. பொடியனுக்கு அவமானம் இல்லையா?

இல்லை அக்கா, அது நல்ல காரியம். அவர் பெட்டி கட்டவும் இல்லை, வீட்டை விட்டு வெளிக்கிடவும் இல்லை, பேப்பரில் மட்டும் இறங்கி ஏறுகிறார். என்எச்எல் கெடு நாள் பிற்பகல் 3 மணிக்கு ஏஎச்எல் பட்டியலில் பெயர் இருந்தால்தான், பிறகு ஏஎச்எல் பிளேஓஃபில் (சீசன் முடியக் கப்புக்காக நடக்கிற ஆட்டங்களில்) இறங்கலாம். அதனால் லீஃப்ஸ் தன் பிளேஓஃபில் தோற்று வெளியே போனால் கீழே வந்து விளையாடட்டும் என்று பெயரைப் பதிந்து வைக்கிறார்கள்.

2018ஐப் பாருங்கள். அந்த வருசக் கெடு நாள் பெப்ரவரி 26. அன்று அன்ட்றியாஸ் ஜோன்சன் மார்லீஸில் நின்றார், மார்ச்சில் லீஃப்ஸ் மேலே எடுத்தது. ஏப்ரல் 25 இரவு பொஸ்ரனிடம் ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் வழக்கம்போலக் கவிழ்ந்தது. ஊரெல்லாம் செத்தவீடு. எங்களுக்கோ கலியாணவீடு! ஜோன்சனும் இன்னொரு பொடியன் டேர்மட்டும் கீழே மார்லீஸுக்கு வந்தார்கள். ஜோன்சன் 16 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து பிளேஓஃபின் சிறந்த வீரரானார். இறுதிப்போட்டியில் ரெக்சஸ் ஸ்ரார்ஸுடன் ஏழாவது ஆட்டம், 6-1 என்று வென்றோம். அதுதான் மார்லீஸின் முதல் கோல்டர் கப், ஏஎச்எல்லின் கிண்ணம். அடுத்த சீசனில் ஜோன்சன் முழுதாக லீஃப்ஸுக்குப் போய்விட்டார். அவருடைய பெயர் அடித்து ஜேர்சி வாங்கியவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

புதுவரவு: ஆட்டம் பார்க்க வந்தால் கார் எங்கே விடுவது?

விடாதீர்கள். கோ ரயிலில் எக்ஸிபிஷன் நிலையம், இல்லாவிட்டால் 509 அல்லது 511 ஸ்ரீட்கார்.

கும்பகோணத்தான்: ஐயா, 'ஹொக்கி' என்று எழுதுகிறீர்கள். அழகாக 'வளைகோல் பந்தாட்டம்' என்று சொல் இருக்கிறதே?

இருக்குது, ஆனால் இந்த ஆட்டத்தில் பந்து எங்கே இருக்குது? மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்பு, கறுத்த இறப்பர். ஆட்டத்துக்கு முதல் அதை உறைய வைக்கிறார்கள், இல்லாவிட்டால் துள்ளும். 'வட்டு' என்று நான் எழுதுகிறேன்.

கும்பகோணத்தான்: 'சில்லு' என்று சொல்லலாமே? பாண்டி ஆடும்போது எறிகிற ஓட்டாஞ்சில்லு மாதிரித்தானே இருக்கிறது?

எங்கள் ஊரில் சில்லு என்றால் சைக்கிள் சில்லு. "சில்லு வலைக்குள் போனது" என்று எழுதினால் யாழ்ப்பாணத்துச் சனம் சைக்கிளைத் தேடும்.

பனிப்பூனை: அண்ணை, நாங்களும் எட்டுக்கோடு விளையாடச் சில்லுத்தானே எறிந்தனாங்கள்? சில்லே நல்லம். அதோடு 'ஹாக்கி'தான் சரி, 'ஹொக்கி' இல்லை.

மார்க்கம் மாமா: ஹொக்கிதான் சரி. ரொறன்ரோவில் நிற்கிறோம், இங்கத்தைய சனம் வாயைத் திறந்து 'ஹா' என்றா சொல்லுது?

சரி, எட்டுக்கோட்டு விசயத்தில் பூனைக்கு அரைப்புள்ளி கொடுக்கிறேன். இதற்குள் சில்லு, வட்டு என்று பதினேழு பேர் எழுதிவிட்டீர்கள், ஆள் மாற்றம் பற்றி ஒருவர்கூட இல்லை. நான் வட்டு என்றே எழுதுவேன். அடுத்தது.

கணக்குப்பிள்ளை: அனுபவசாலிகளாக இருபது பேரைச் சேர்த்தால் கப் எடுக்கலாமே, ஏன் செய்வதில்லை?

விடமாட்டார்கள். ஆட இறங்கும் 18 பேரில் (வலை காக்கிற கோலிகள் கணக்கில்லை) 13 பேர் வளரும் வீரர்களாக இருக்கவேண்டும். அதில் 12 பேர் சீசன் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டத்துக்கு மேல் ஆடியிருக்கக்கூடாது, மற்றவருக்கு 320 வரை சலுகை. மிச்ச ஐந்து இடத்துக்குத்தான் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். அந்த ஐந்தைச் சரியாக எடுக்கிற அணி சித்திரையில் உயிரோடு நிற்கும்.

லாவல் ரசிகன்: 32 அணியில் 23 பிளேஓஃபுக்குப் போகிறது. கடைசி மாத ஆட்டத்தை எதற்குப் பார்க்கவேண்டும்?

இந்தக் கேள்வி எங்கள் எதிரணியான லாவலில் இருந்து வருவது எனக்கு ஆச்சரியமில்லை. எங்கள் வடக்குப் பிரிவில் ஏழில் ஐந்து உள்ளே, சரி. ஆனால் முதல் மூன்றுக்குள் வந்தால் முதல் சுற்று ஓய்வு. நாலாவதும் ஐந்தாவதும் மூன்று ஆட்டத் தொடரில் மோதவேண்டும். மூன்று ஆட்டத் தொடர் சூதாட்டம், ஒரு கோலிக்குக் காய்ச்சல் வந்தால் சீசன் முடிந்தது. மூன்றாமிடத்துக்கும் நாலாமிடத்துக்கும் இடையில் இருக்கிறது அவ்வளவும்.

கடைசி மாதத்தில் வெள்ளி, சனி, ஞாயிறு தொடர்ந்து மூன்று ஆட்டம் வருகிற வார இறுதியைப் பிடித்துப் பாருங்கள். ஞாயிறு மூன்றாம் பகுதியில் வட்டைப் பார்க்காதீர்கள், மாறி உள்ளே வருகிறவர்களின் முழங்காலைப் பாருங்கள். வாங்கில் ஏறி இருக்கிறபோது ஒருவர் தடியை ஊன்றித் தலையைக் குனிந்தால், அடுத்த இரண்டு நிமிசத்தில் அவருடைய பக்கத்தால்தான் கோல் விழும். அதே நேரம் கல்லூரி முடித்துப் பரீட்சார்த்தமாக வந்த ஒரு பொடியன், உடம்பில் களைப்பே இல்லாமல் ஓடித் திரிவான்.

பெயர் வேண்டாம்: பனி துடைக்கிற வண்டி ஓட்டுகிறவர் என்எச்எல்லில் விளையாடினாராமே?

இது நாலாம் தரம். டேவிட் ஏயர்ஸ், அப்போது 42 வயது, மார்லீஸ் பயிற்சியில் வலைக்கு முன் நின்றவர். 2020 பெப்ரவரி 22, கரோலைனாவின் இரண்டு கோலிகளும் காயப்பட, லீஃப்ஸுக்கு எதிராக இறங்கி வலைக்கு வந்த 10 அடியில் 8ஐத் தடுத்தார், கரோலைனா 6-3 என்று வென்றது. இனிக் கேட்கவேண்டாம்.

பிரம்டன் அக்கா: 2012 கதையை அங்கே இங்கே முனகுகிறீர்கள், ஒருக்கால் முழுக்கச் சொல்லுங்கோ.

சொல்லவே பிடிக்கவில்லை, சொல்லுகிறேன். நோர்ஃபோக் அட்மிரல்ஸ். ஜோன் கூப்பர் பயிற்சியாளர். பெப்ரவரியில் வெல்லத் தொடங்கினவர்கள் பிளேஓஃபுக்கு முந்திய சீசன் முடியும் வரை தோற்கவில்லை, தொடர்ந்து 28 வெற்றி. இறுதிப்போட்டியில் அவர்களுடன் நாங்கள். முதல் இரண்டும் அங்கே போய்விட்டது, மூன்றாவது எங்கள் மண்டபத்தில். 0-0, மேலதிக நேரம். அவர்களுடைய மைக் கோஸ்கா நடுக்கோட்டுப் பக்கம் நின்று வட்டைச் சும்மா மூலைக்குள் தள்ளிவிட்டார். எங்கள் கோலி பென் ஸ்கிரிவன்ஸ் அதைப் பிடிக்க வலைக்குப் பின்னால் போனார். வட்டு கண்ணாடிகள் பொருந்துகிற தூணில் பட்டுத் திசைமாறி, ஆளில்லாத வலைக்குள் ஆறுதலாகப் போய் இருந்தது. ஒரு கணம் ஒருவரும் சத்தம் போடவில்லை. எதிரணி கொண்டாடத் தொடங்கின பிறகுதான் எனக்கு விளங்கினது. அதுவும் ஓஃப்சைட், வட்டுக்கு முதலே அவர்களுடைய ஆள் எங்கள் பக்கக் கோட்டைத் தாண்டி நின்றார். பிழை நடந்தது என்று லீக்கே பிறகு ஒத்துக்கொண்டது, ஆனால் 1-0 மாறவில்லை. நாலாவதிலும் தோற்றோம்.

இனித்தான் விசயம். அடுத்த மாதம் லீஃப்ஸ் ஒரு பின்வரிசைக்காரருடன் ஒப்பந்தம் போட்டது. யார்? அதே கோஸ்கா. அந்த இலையுதிர்காலம் அவர் எங்கள் நீல உடுப்பில் இறங்கினார், நான் எழும்பிக் கைதட்டினேன். மனிசி ஒரு மாதிரிப் பார்த்தா.

அப்பா2: மகனுக்குப் பிறந்தநாள். ஜேர்சியில் யாருடைய பெயர் அடிப்பது?

மகனுடைய பெயர்.

பனிப்பூனை: அண்ணை, சில்லு…

பூட்டுகிறேன். காலை ஐந்து மணிக்கு வேலை. ஞாயிறு வருகிறவர்கள் சுவெற்றர் கொண்டு வாருங்கோ, கீழ் வரிசையில் குளிர் ஏறும்.