மகள் ராத்திரியில் படிப்பது வீண் வேலை இல்லை, அம்மா

வணக்கம் அம்மா. "மூணாம் வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ். சொந்தமா ஒரு ப்ராஜெக்ட் பண்ணாம, யாரோ எழுதின கோடை ராத்திரியெல்லாம் படிச்சிட்டிருக்கா. கேட்டா லினக்ஸ் கெர்னல் ரிவ்யூங்கிறா. இதுக்கு வேலை கிடைக்குமா?" என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்கும். தயவுசெய்து அவரைத் தடுக்காதீர்கள்.

உங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்றால் அதற்குள் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான், அதாவது ஹார்டுவேரையும் மற்ற சாஃப்ட்வேரையும் இணைத்து நடத்தும் மையப் பகுதி. யார் ஒரு மாற்றம் எழுதினாலும், அதாவது பேட்ச் அனுப்பினாலும், அந்தப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் மெயின்டெய்னர் ஏற்ற பிறகே அது லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸிடம் போகும். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. பேட்ச் எழுத ஆள் நிறைய உண்டு. பொறுமையாகப் படித்துப் பார்க்க, அதாவது ரிவ்யூ பண்ணத்தான் ஆள் போதவில்லை.

அந்தப் படிப்பு எப்படிப்பட்டது என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு டிரைவரில், அதாவது ஒரு ஹார்டுவேரை இயக்கும் கோடில், மெமரி கேட்டு ஒரே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். பேட்ச்சில் வழக்கமாக அதற்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரிதான் தெரியும். பார்க்க எல்லாம் சரி. முழு ஃபைலைத் திறந்தால், இருபது வரிக்கு மேலே ஸ்பின்லாக் பிடித்திருக்கிறது. ஒரே டேட்டாவை ஒரே நேரத்தில் இரண்டு கோட் தொடாமல் காக்கும் பூட்டு அது. அதைப் பிடித்திருக்கும் கோட் தூங்கவே கூடாது, அதாவது வேலையை நிறுத்திவிட்டு எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. ஆனால் அந்தப் புது வரியில் இருப்பதுபோல் ஜிஎஃப்பி_கெர்னல் என்ற வழக்கமான முறையில் மெமரி கேட்டால், தட்டுப்பாடான நேரத்தில் அது காத்திருந்து தூங்கிவிடலாம். நூறு தடவை ஒழுங்காக ஓடிவிட்டு, ஒருநாள் மெஷின் அப்படியே உறைந்துபோகும். முழு ஃபைலையும் திறந்து பார்க்கும் அந்தப் பழக்கம் வகுப்பறையில் வருவதில்லை. 2007-ல் கெர்னலுக்குள் நுழைந்த 'டர்ட்டி கவ்' என்ற பாதுகாப்பு ஓட்டையை 2016 அக்டோபரில்தான் அடைத்தார்கள். அனுபவசாலிகளின் கண்ணுக்கே அத்தனை வருடம் தப்பியது.

மகளிடம் சில விஷயம் சொல்லுங்கள். எல்லாவற்றையும் மேயாமல், யுஎஸ்பியோ சென்சார் டிரைவர்களோ, ஒரே பகுதியில் ஆறு மாதம் உட்காரட்டும். பேட்ச்சைப் போட்டு, கம்பைல் செய்து (கோடை ஓடக்கூடிய புரோகிராமாக மாற்றி), க்யூஇஎம்யு என்ற மெய்நிகர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கட்டும். உண்மையிலேயே சோதித்திருந்தால் பேட்ச்சுக்குத் தன் பெயரோடு 'டெஸ்டட்-பை' என்ற வரி போடலாம். 'ரிவ்யூட்-பை' போட அவசரம் வேண்டாம். இந்த மாற்றம் தேவையானது, எனக்குத் தெரிந்து தடையான குறை எதுவும் இதில் இல்லை என்று தன் பெயரில் கொடுக்கும் வாக்கு அது. புரியாத இடத்தில் கேள்வி கேட்பதே நல்ல ரிவ்யூதான். கூடவே சொந்தமாகச் சின்னச் சின்ன திருத்தங்களும் அனுப்ப வேண்டும்.

கேம்பஸுக்கு வரும் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் இதைக் கேட்க மாட்டார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. பெங்களூரு, ஹைதராபாத்தில் இருக்கும் சிப் கம்பெனிகளும் கருவிகளுக்குள் ஓடும் சாஃப்ட்வேர் எழுதும் எம்பெடட் கம்பெனிகளும் கேட்பார்கள். கெர்னலின் கிட் வரலாற்றில், அதாவது யார் எதை மாற்றினார்கள் என்ற பதிவில், ஏறிய பெயரை இன்டர்வியூ எடுப்பவர் தானே தேடிப் பார்க்கலாம். அவுட்ரீச்சி, எல்எஃப்எக்ஸ் மென்டர்ஷிப் போன்ற திட்டங்கள் உதவித்தொகையோடு பயிற்சி தருகின்றன, விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அரியர் மட்டும் விழக்கூடாது. அது இருந்தால் பல இடங்களில் இன்டர்வியூ வரைக்கும்கூடப் போக முடியாது.

கோர்ஸ் சேர்க்கப் பணம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் தொடக்கநிலை கெர்னல் பாடம் இலவசம். அந்தப் பணத்தில் அவருடைய லேப்டாப்புக்கு 16 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் போட்டுக் கொடுங்கள். பழைய மெஷினில் ஒரு கம்பைல் முடிய மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி விழிப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.