சூடானதும் நின்றுவிடும் பழைய எம்ஜிபி: பாகங்களை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1972ஆம் ஆண்டின் எம்ஜிபி ரோட்ஸ்டர் (திறந்த கூரை கொண்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) இருக்கிறது. குளிர்ந்த நிலையில் நன்றாகக் கிளம்பும் இன்ஜின், இருபது நிமிடம் ஓடியதும் திடீரென்று அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால், ஒன்றுமே நடக்காதது போல மறுபடி ஓடுகிறது. இது போதாதென்று, ஹெட்லைட் போட்டால் மற்ற விளக்குகள் மங்குகின்றன, இண்டிகேட்டர் மிக மெதுவாக அடிக்கிறது, சூடான இன்ஜினை ஸ்டார்ட்டர் திணறித் திணறித்தான் சுற்றுகிறது. பேட்டரிகள், பெட்ரோல் பம்ப், பிளக்குகள், காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். காயில் மாற்றிய பிறகு தொல்லை கூடிவிட்டது போலவும் தோன்றுகிறது. வண்டி முழுவதற்கும் புதிய வயரிங் போட்டுவிடலாமா? காயிலுக்கான மின்சாரத்தைத் திறந்து மூடும் முனைகளான பாயிண்ட்ஸை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினால் தீருமா?

பதில்: இரண்டையுமே இப்போதைக்குச் செய்யாதீர்கள். உங்கள் வண்டியில் தனித்தனியான இரண்டு கோளாறுகள் இருக்கின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் இத்தனை பாகங்களை மாற்றியும் விடை கிடைக்கவில்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்றும் பொறுமையும் இருந்தால், பெரும்பாலானவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், வழியில் நிற்கும் பிரச்சினை. வண்டி நின்ற பிறகு வரும் அந்தக் கால் மணி நேரத்தை இதுவரை காத்திருந்தே கழித்திருக்கிறீர்கள். கோளாறு உங்கள் கண்ணெதிரே இருக்கும் நேரம் அது ஒன்றுதான். ஆறிப்போன வண்டியில் எதை அளந்தாலும் எல்லாம் சரியாகவே காட்டும். ஆகவே மீட்டரையும், பொறி வருகிறதா என்று காட்டும் ஸ்பார்க் டெஸ்டரையும், ஒரு ஸ்பேர் கண்டென்சரையும் (பாயிண்ட்ஸோடு இணைந்த சிறு மின்தேக்கி) வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனை, வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே தொடங்குகிறது. இன்ஜின் அணைந்ததும் கிளட்சை மிதிக்காமல், கியரிலேயே இரண்டு மூன்று நொடிகள் விட்டு, இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளைக் கவனியுங்கள். பின்னால் வண்டி எதுவும் இல்லாத இடத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள். சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், காயிலின் 12 வோல்ட் சுற்று அறுந்திருக்கிறது என்று பொருள். இக்னிஷன் ஸ்விட்ச், வெள்ளை வயர், காயில், பாயிண்ட்ஸ் என்று அந்த வழியில்தான் தேட வேண்டும். முள் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் அந்தச் சுற்று பிழைத்துக்கொண்டது. அப்போது பெட்ரோல், அல்லது உயர் மின்னழுத்தம் பாயும் பாகங்களான டிஸ்ட்ரிபியூட்டரின் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும் பாகம்) உள்ளே சுழலும் ரோட்டார், மூடி, தடித்த வயர்கள் ஆகியவற்றின் மீது சந்தேகம் திரும்புகிறது. ஒரு பைசா செலவில்லாத இந்தச் சோதனை தேடலைப் பாதியாகக் குறைத்துவிடும்.

வண்டியை ஓரங்கட்டியதும் பானெட்டைத் திறந்து, இக்னிஷனைப் போட்டு, காயிலின் இரண்டு சிறு முனைகளையும் அளந்து பாருங்கள். வெள்ளை வயர் வரும் முனையில் பேட்டரி மின்னழுத்தம் ஏறக்குறைய முழுவதுமாக இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் இக்னிஷன் ஸ்விட்சையோ வழியிலுள்ள இணைப்பையோ பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மறுமுனைதான் அதிகம் பேசும். நான்காவது கியரில் வண்டியை மெல்லத் தள்ளி இன்ஜினைச் சுற்றுங்கள். பாயிண்ட்ஸ் மூடும்போது அந்த முனை ஏறக்குறைய பூஜ்யத்துக்கும், திறக்கும்போது 12 வோல்ட்டுக்கும் மாறி மாறிப் போக வேண்டும். எப்படிச் சுற்றினாலும் 12இலேயே நின்றால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட்ஸ் அழுக்கேறி ஒட்டவில்லை. எப்போதும் பூஜ்யமே என்றால், உள்ளே ஏதோ ஒன்று எர்த்தைத் (பேட்டரியின் நெகட்டிவோடு இணைந்த வண்டியின் உலோகம்) தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது காயில் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

முள்ளும் மீட்டரும் ஒழுங்காக இருந்து, காயிலிலிருந்து வரும் தடித்த வயரில் மட்டும் பொறி இல்லை, அல்லது மெலிந்து மஞ்சளாக வருகிறது என்றால், அங்கேயே நின்று கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். சூடானால் செத்து, ஆறினால் பிழைக்கும் பாகங்களில் அதற்குத்தான் முதலிடம். புதிதாக வாங்கியது என்பதால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பெட்டியைப் பிரித்துப் போட்ட அன்றே மக்கர் செய்த கண்டென்சர்களை நான் பார்த்திருக்கிறேன். தடித்த வயரில் நல்ல நீலப் பொறி வந்தும் பிளக்குக்கு வரவில்லை என்றால் ரோட்டாரை மாற்றுங்கள். பித்தளைத் தகட்டை ரிவெட் அடித்துப் பொருத்திய ரோட்டார்களில், சூடேறிய பிறகு அந்த ரிவெட் வழியாகப் பொறி கீழுள்ள தண்டுக்கு ஓடிவிடுவது உண்டு.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, காயில் மாற்றிய பிறகு தொல்லை கூடியது என்பது. 1972ஆம் ஆண்டு எம்ஜிபியின் காயிலுக்கு நேரடியாக 12 வோல்ட் வருகிறது. அதற்கு ஏறக்குறைய 3 ஓம் மின்தடை கொண்ட காயில் வேண்டும். 1974இன் பிற்பகுதியில் தொடங்கிய ரப்பர் பம்பர் வண்டிகளில், வழியில் மின்சாரத்தைக் குறைக்கும் ஒரு பல்லாஸ்ட் மின்தடை சேர்த்து, சுமார் 1.5 ஓம் காயில் பயன்படுத்தினார்கள். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஒரே கிளாம்பில் உட்கார்ந்துகொள்ளும். 1.5 ஓம் காயிலை உங்கள் வண்டியில் போட்டால், பாயிண்ட்ஸ் மூடியிருக்கும்போது 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் பாயும். வெப்பமும் இரட்டிப்பாகும். பாயிண்ட்ஸ் கருகும், காயில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், இருபது நிமிடத்தில் வண்டி நிற்கும். இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டுக் காயிலை அளந்து பாருங்கள். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் வரும் சிறு எண்ணைக் கழித்துக்கொள்ள மறக்காதீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நான் பந்தயம் கட்ட நினைத்த இடம் இதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இன்னொரு இடம் இருக்கிறது. பாயிண்ட்ஸ் உட்கார்ந்திருக்கும் தட்டு, கார்புரேட்டரிலிருந்து குழாய் வழியே வரும் வேக்குவம் (காற்று உறிஞ்சல்) இழுக்கும்போது சில டிகிரி திரும்பும். அந்த அசையும் தட்டை எர்த்தோடு இணைப்பது விரல் நீளம்கூட இல்லாத, துணி உறை போட்ட ஒரு வயர். பல ஆண்டுகள் அசைந்து அசைந்து உள்ளே இருக்கும் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். உறை மட்டும் முழுசாகவே இருக்கும். ஒருமுறை இப்படி ஒரு வண்டியோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். ஐடிலிங்கில் மணி மணியாக ஓடும்; சாலையில் காலை லேசாக எடுத்தால் இருமும். கடைசியில், ஐடிலிங்கில் ஓடும்போதே வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி வாயால் உறிஞ்சினேன். இன்ஜின் பொசுக்கென்று அணைந்தது. விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஓடியது. உறிஞ்சினால் மறுபடி அணைந்தது. மூடியைத் திறந்து அந்த வயரை ஊசிமூக்குக் குறடால் மெதுவாக இழுத்தபோது, உறை ரப்பர் போல நீண்டது. உள்ளே ஒரே ஓர் இழைதான் மிஞ்சியிருந்தது. உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரிலும் அந்த வயரையும், வெளியிலிருந்து பாயிண்ட்ஸுக்கு வரும் வயரையும் இழுத்துப் பாருங்கள். திறந்த கையோடு பாயிண்ட்ஸ் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் அறிகுறிகள் அதிகம் அந்தப் பக்கம் காட்டவில்லை. வெப்பத்தால் பெட்ரோல் ஆவியாகும் தொல்லை, ஓடும்போது வருவதைவிட, நிறுத்திவிட்டுச் சில நிமிடங்கள் கழித்துக் கிளப்பும்போதே அதிகம் வரும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. ஓடும்போதே பெட்ரோல் வற்றினால் இன்ஜின் சில முறை தயங்கி, துள்ளி, பிறகுதான் அடங்கும். விளக்கை அணைத்தது போல நிற்காது. ஆனாலும் டேங்கின் காற்றுவழி அடைபட்டிருந்தால் இருபது நிமிடக் கணக்கு பொருந்தும். அடுத்த முறை நிற்கும்போது டேங்க் மூடியைத் திறந்து, புஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். இக்னிஷனைப் போட்டதும் எஸ்யூ பம்ப் (இந்த வண்டியின் மின்சாரப் பெட்ரோல் பம்ப்) டக் டக்கென்று வேகமாக அடித்து, கார்புரேட்டர்கள் நிறைந்ததும் அடங்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதற்கு மின்சாரம் வரவில்லை, அல்லது அதன் உள் தொடர்புமுனைகள் ஒட்டவில்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் சேம்பரின் ஊசி வால்வு மூடவில்லை.

இனி இரண்டாவது கோளாறு. மங்கும் விளக்கு, சோம்பல் இண்டிகேட்டர், திணறும் ஸ்டார்ட்டர் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றன: வழியில் எங்கோ மின்னழுத்தம் தொலைகிறது. உங்கள் வண்டியில் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கின்றன. நெகட்டிவ் முனை அங்கேயே பாடியில் பொருந்துகிறது. இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஸ்டார்ட்டரின் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர்கள் திரும்பிப் போக இருக்கும் ஒரே முறையான வழி, இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. கிளட்ச் வேலையோ கியர்பாக்ஸ் வேலையோ செய்தவர்கள் அதைத் திரும்ப மாட்ட மறந்துவிடுவது உண்டு. பட்டை இல்லாவிட்டாலும் வண்டி கிளம்பும், ஏனெனில் மின்சாரம் சோக் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவோ போகும். ஸ்டார்ட்டரைச் சில நொடிகள் சுற்றிய பிறகு சோக் கேபிளைத் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் விடை கிடைத்துவிட்டது. அது உறை உருகும் வரை கூடப் போகும்.

இதை ஓம் அளவில் வைத்துத் தேடாதீர்கள். நூறில் ஒரு பங்கு ஓம் மின்தடையைச் சாதாரண மீட்டர் பிரித்துக் காட்டாது. ஆனால் 150 ஆம்பியர் பாயும்போது அதுவே 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். ஆகவே சுமை இருக்கும்போது வோல்ட்டைத்தான் அளக்க வேண்டும். இன்ஜின் கிளம்பாதபடி காயிலின் வெள்ளை வயரைக் கழற்றி, முனை எதையும் தொடாமல் சுற்றிக் கட்டுங்கள், ஏனெனில் இந்த வண்டியில் வெள்ளை வயருக்கும் பழுப்பு வயருக்கும் பியூஸ் கிடையாது. மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும், மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையின் ஈயத்திலேயும் வைத்து, வேறொருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். கேபிளின் கிளாம்பில் வைத்தால் கிளாம்புக்கும் ஈயத்துக்கும் இடையிலுள்ள அழுக்கு தப்பித்துவிடும். 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் பட்டையையும் அதன் இரு முனைகளையும் உலோகம் மின்னும் வரை தேய்த்துப் புதுப்பியுங்கள். இதே முறையில் பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் அளந்துவிட்டு, இரண்டு பேட்டரிகளை இணைக்கும் கேபிளையும் அளக்கத் தவறாதீர்கள். பேட்டரியை மாற்றுபவர்கள் பெரும்பாலும் அந்தக் கேபிளைப் பழையபடியே விட்டுவிடுகிறார்கள்.

விளக்குகளுக்கு: இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டுப் பேட்டரிகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத் தொட வேண்டாம். அதன் பிறகு, ஹெட்லைட் எரியும்போது பல்பின் முனையிலேயே அளந்து பாருங்கள். அங்கே இரண்டு வோல்ட் குறைந்திருந்தால், கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் புல்லட் கனெக்டர்களும் (வயர் முனைகளைச் செருகும் உருளை இணைப்புகள்) கறுப்பு எர்த் வயர்களும்தான் காரணம். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும் என்பதால், சிறிய இழப்பும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். கால் மணி நேரம் விளக்கை எரியவிட்டு ஒவ்வொரு கனெக்டராக விரலால் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருப்பது எதுவோ, அதுதான் குற்றவாளி. அதை மட்டும் மாற்றுங்கள்.

வயர்களின் உறை வளைத்தால் நொறுங்குகிறது, அல்லது யாரோ கண்டபடி வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றால் முழு வயரிங் மாற்றுவது நியாயம். இல்லையென்றால் ஐம்பது ஆண்டுகள் தாங்கிய வயரைப் பிடுங்கி எறிய எனக்கு மனம் வராது. எலக்ட்ரானிக் இக்னிஷன் நல்லதுதான், ஆனால் அதுவும் இதே காயில், ரோட்டார், எர்த்தை நம்பியே ஓடும். இவை சரியான பிறகு போடுங்கள்.

வேலை தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். வயர்களைக் கழற்றும் எந்த வேலைக்கும் முன்னால் பேட்டரியின் எர்த் முனையை முதலில் எடுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கம் டைனமோ காலத்தோடு போயிற்று. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் அதன் டையோடுகள் எரிந்துவிடக்கூடும்.

முதலில் காயிலின் ஓம் அளவை எடுங்கள், பிறகு ஸ்டார்ட்டர் சுற்றும்போது எர்த் பக்கம் தொலையும் வோல்ட்டை. அதோடு, அடுத்த முறை வழியில் நிற்கும்போது டாக்கோமீட்டர் முள் எப்படி விழுந்தது, காயிலின் இரு முனைகளிலும் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள். அந்த எண்கள் கையில் இருந்தால் அடுத்து எதைக் கழற்ற வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும்.