எடை ஏறுகிறது, உயரம் ஏறவில்லை: பிராடர்-வில்லி குழந்தையின் வளர்ச்சி

கேள்வி: தேவகோட்டையில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். என் மகனுக்கு இரண்டரை வயது. பிறந்தபோது பால் குடிக்கத் தெம்பில்லாமல் குழாய் வழியாகப் பாலூட்டினோம். மரபணுப் பரிசோதனையில் பிராடர்-வில்லி நோய்க்குறி என்றார்கள். நெடுநாள் எடையே ஏறாதிருந்தவனுக்கு, சில மாதங்களாகச் சாப்பாடு கூடாமலேயே எடை ஏறுகிறது. உயரம் அப்படியே நிற்கிறது. 'பிள்ளை தேறிவிட்டான், இன்னும் கொடு' என்கிறார் அவன் அப்பத்தா. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஊட்டி ஊட்டி ஓய்ந்துபோன வீட்டில் இதைச் சொல்வது கடினம்தான். ஆனால் சாப்பாடு கூடாமல் எடை மட்டும் ஏறுவது, இந்நோய்க்குறியில் ஏறக்குறைய 2 வயதில் தொடங்கும் அடுத்த கட்டத்தின் அடையாளமாகும். நாலரை வயதை ஒட்டி உணவின் மீது நாட்டம் மிகும். பெரும்பாலும் 8 வயதுக்குப் பின் அடங்காப் பசியாக மாறும். தந்தைவழி வரவேண்டிய 15ஆம் குரோமோசோமின் ஒரு பகுதி இல்லாமையால், பசியையும் வளர்ச்சி ஹார்மோனையும் நெறிப்படுத்தும் ஹைப்போதாலமஸ் என்னும் மூளைப் பகுதி சரிவர இயங்காததே இதற்கெல்லாம் காரணம். பெரும்பாலானோருக்கு இது தற்செயலாக நேர்வது; சொந்தத்தில் பெண் எடுத்ததால் வந்தது என்று யாரேனும் சொன்னால் பொருட்படுத்தாதீர்கள்.

எடையை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை உயரத்தையும் எடையையும் அளந்து, உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் குறித்துவாருங்கள். எடைக் கோடு மேல்நோக்கித் தாவ, உயரக் கோடு தட்டையாகப் போனால், ஏறுவது பெரும்பாலும் கொழுப்பே. இரண்டு வயதுக்கு முன் படுக்கவைத்து எடுத்த நீளத்தை, இப்போது நிறுத்தி எடுக்கும் உயரத்தோடு நேரடியாக ஒப்பிட வேண்டாம். நிறுத்தி அளந்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைவாகவே வரும்.

தசை குறைவாக இருப்பதால், இக்குழந்தைகளுக்கு அதே வயதுப் பிள்ளைகளைவிடக் குறைந்த கலோரியே போதும். அதற்காகப் பாலையும் முட்டையையும் பருப்பையும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். மூளை வளரும் வயது என்பதால் அளவை உணவியல் நிபுணரே வகுக்க வேண்டும். உங்கள் வீட்டில் உண்மையான சிக்கல் வேளைச் சாப்பாட்டில் இராது. முகப்பில் ஐயா ஒரு சீயம், இரண்டாம் கட்டில் சித்தி ஒரு பால் பணியாரம் என்று ஆளுக்கொன்றாகக் கொடுப்பது யார் கணக்கிலும் வராது. குழந்தைக்கு உணவு கொடுக்கும் பொறுப்பை ஒருவரே ஏற்பதும், மாவுருண்டை, தேன்குழல் டின்களை இப்போதே பூட்டும் அறைக்கு மாற்றுவதும் நல்லது. பசி வந்தபின் பூட்டினால் அது அவனுக்குத் தண்டனையாகப் படும். முன்பே பூட்டியிருந்தால் அதுவே வீட்டு வழக்கமாகிவிடும்.

உயரத்துக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி உண்டு. சிகிச்சையில்லாத ஆண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 155 செ.மீ., பெண்களுக்கு 148 செ.மீ. ஊசி உயரத்தைக் கூட்டுவதோடு தசையையும் வலுப்படுத்தும் என்பதால், மதுரையிலோ திருச்சியிலோ குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரை இப்போதே பாருங்கள். தொடங்குமுன் உறக்கப் பரிசோதனையும் தொண்டைச் சதைப் பரிசோதனையும் அவசியம். குறட்டையோ தூக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்வார்கள். முதுகெலும்பு வளைகிறதா என்பதையும் தொடர்ந்து கவனிப்பார்கள். பையன் இரவில் எப்படி மூச்சு விடுகிறான் என்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோனால் மருத்துவருக்கு உதவும்.