தாம்பரம், கூடுவாஞ்சேரி பக்கம் வங்கி ஏலத்தில் வரும் வீட்டை வாங்கலாமா?

ஊரப்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்று, அக்கம்பக்கத்து விலையைவிடப் பல லட்சம் குறைவாக வங்கி ஏலத்துக்கு வந்திருக்கிறது, துணிந்து இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இறங்கலாம். ஆனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால், வீட்டுக்குள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். என் தங்கைக்கு இந்தப் பக்கம் ஏலத்தில்தான் வீடு வாங்கினோம். அதற்காகப் பல வீடுகளை ஏறி இறங்கிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏல வீட்டில் லாபமா நஷ்டமா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஏல அறிவிப்பில் சுவாதீனம் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். ‘சிம்பாலிக்’ என்று போட்டிருந்தால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டி, பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். சாவி அவர்களிடம் இல்லை. ‘பிசிகல்’ என்றால் வீட்டைக் காலி செய்து வங்கியே பூட்டு போட்டு வைத்திருக்கிறது. மலிவாக வரும் வீடுகளில் நிறைய முதல் வகைதான்.

அப்படிப்பட்ட வீட்டைக் காலி செய்ய, அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிக்கு வழி செய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின் 14ஆவது பிரிவில் வங்கி மனு போட வேண்டும். செங்கல்பட்டு மாவட்டம் என்றால் ஆட்சியரிடமோ, தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ. 30 நாளில், தவறினால் மொத்தம் 60 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கும். கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில், அதாவது டிஆர்டியில், தடை வாங்கிவிட்டால் இன்னும் நீளும். அதுவரை உங்கள் மொத்தப் பணமும் வங்கியிடம் இருக்கும். நீங்கள் ஒரு பக்கம் இஎம்ஐ கட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் வாடகையும் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். குறைவான விலை என்று நினைத்த லட்சங்கள் இதில் கரைந்துவிடும்.

கூடுவாஞ்சேரியில் நாங்கள் பார்த்த ஒரு ஃபிளாட்டைச் சொல்ல வேண்டும். கதவில் ஒட்டிய நோட்டீஸைப் பாதி கிழித்திருந்தார்கள், பசை மட்டும் காய்ந்து வெள்ளையாக இருந்தது. மணி அடித்ததும் வயதான ஒரு அம்மா வந்து திறந்தார். கடன் வாங்கியது அவர்கள் இல்லை. ஓனரிடம் ஏழு லட்சம் கொடுத்து லீசுக்கு வந்த குடும்பம். இருபது ரூபாய் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தத்தை பிளாஸ்டிக் கவரில் வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். நோட்டீஸ் ஒட்ட ஆள் வந்த அன்றுதான் வீடு அடமானத்தில் இருப்பதே தெரியுமாம். “நீங்க வாங்கினா எங்க பணத்தைக் கொடுத்துடுவீங்களா தம்பி?” என்று கேட்டார். வங்கியின் சம்மதம் இல்லாமல், அடமானத்துக்குப் பிறகு, பதிவும் செய்யாமல் எழுதிய லீசை வைத்துக்கொண்டு வங்கியை எதிர்த்து நிற்பது மிகக் கஷ்டம். அவர்களை வெளியேற்றுவது சட்டப்படி முடிகிற காரியம்தான். ஆனாலும் அந்த வீடு வேண்டாம் என்று படி இறங்கும்போதே தங்கை சொல்லிவிட்டாள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. லீசுக்குப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பணம் கொடுப்பதற்கு முன் தயவுசெய்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடனையும் பதிவு செய்வதால் அது ஈசியில், அதாவது வில்லங்கச் சான்றில், வந்துவிடும்.

அடுத்தது பணம். பெரும்பாலும் ரிசர்வ் விலையில், அதாவது வங்கி குறித்திருக்கும் குறைந்தபட்ச விலையில், 10 சதவீதத்தை முன்வைப்புத் தொகையாகக் கட்டித்தான் ஏலத்தில் சேர முடியும். உங்களுக்கு விழுந்துவிட்டால் அன்றைக்கே, தப்பினால் அடுத்த வேலை நாளுக்குள், அதையும் சேர்த்து, ஏலத்தில் முடிந்த விலையில் 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதி 75 சதவீதத்துக்கு விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். எழுத்து மூலம் அவகாசம் வாங்கினாலும் மூன்று மாதத்தைத் தாண்டாது. கட்ட முடியாமல் போனால் அந்த 25 சதவீதம் போனது போனதுதான். வங்கி அதைப் பறிமுதல் செய்வது செல்லும் என்று 2024இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே வீட்டுக் கடனை எதிர்பார்த்து இருப்பவர்கள், எந்த வங்கி ஏலச் சொத்துக்குக் கடன் தரும் என்று கேட்டு, ஒப்புதலைக் கையில் வாங்கிக்கொண்டு ஏலத்துக்குப் போங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் அதில் 1 சதவீதத்தை வருமான வரியாக (டிடிஎஸ்) பிடித்துக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

வங்கி விற்பது ‘உள்ளது உள்ளபடி’ என்ற நிபந்தனையில். வங்கி கடன் கொடுத்த வீடாயிற்றே, பத்திரம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மூலப் பத்திரத்திலிருந்து உங்கள் வக்கீல் தனியாகப் பார்க்கட்டும். ஃபிளாட் என்றால் யுடிஎஸ், அதாவது நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பங்கு, எவ்வளவு, அந்த மாடி பிளானில் இருக்கிறதா என்று பாருங்கள். தனி வீடு என்றால் மனை அங்கீகாரம் முக்கியம். இந்தப் பக்கம் அங்கீகாரம் இல்லாத மனைகள் ஏராளம். அவற்றுக்கு அங்கீகாரம் கொடுக்க 2017இல் வந்த வரன்முறைத் திட்டமே 2016 அக்டோபர் 20 வரை பதிவானவற்றுக்குத்தான். சொத்து வரி, அசோசியேஷன் பாக்கி, கரண்ட் பில் பாக்கி எல்லாவற்றையும் விசாரியுங்கள். விதிமுறையில் இடம் இருந்தால், பழைய ஓனரின் மின் பாக்கியைப் புது ஓனரிடம் கேட்கலாம் என்று 2023இல் தீர்ப்பு இருக்கிறது.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் விலை குறைவாக இருந்தால் 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்து மளிகைக் கடையில் கேளுங்கள். சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள்.

எனக்கு இன்னொரு வழிதான் அதிகம் பிடிக்கும். கடன் கட்ட முடியாமல் திணறுகிறவரிடம், ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே நேரடியாக வாங்குவது. அவருக்கு ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கும், கௌரவமாக வெளியே வருவார். உங்களுக்குச் சாவி கைக்கு வரும். ஆனால் கடனைக் கட்டச் சொல்லி வங்கி 60 நாள் கெடு வைக்கும் நோட்டீஸ் போன பிறகு, வங்கியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் அவர் விற்கக் கூடாது. ஆகவே மூன்று பேரும் உட்கார்ந்து பேசி, கடன் பாக்கியை நேராகக் கடன் கணக்கில் கட்டிவிட்டு, மிச்சத்தை மட்டும் அவரிடம் கொடுங்கள். பத்திரம் பதியும் அன்றே கடன் தீர்ந்தது என்று வங்கி கொடுக்கும் ரசீது ஆவணமும் பதிவாக வேண்டும். சர்ஃபாசி சட்டத்தின் 2016 திருத்தத்துக்குப் பிறகு, ஏல அறிவிப்பு வெளியாகும் வரைதான் கடனைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை ஓனருக்கு உண்டு.

உங்கள் ஊரப்பாக்கம் வீட்டுக்கு அறிவிப்பு வந்துவிட்டதால் ஏலம்தான் வழி. அறிவிப்பிலேயே வங்கி அதிகாரியின் போன் நம்பரும் வீட்டைப் பார்க்கும் நாளும் இருக்கும். டிஆர்டியில் வழக்கு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று அவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். அப்புறம் முன்வைப்புத் தொகையைக் கட்டலாம்.